நிலைப்படியில் நிற்கப் பழகிய நாய்: செட்டிநாட்டு வீட்டில் முதல் நாய் வளர்ப்பவர்களுக்கு

எங்கள் வீட்டு முகப்பில் நின்று உள்ளே பார்த்தால் முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாவற்றையும் தாண்டிப் பின்வாசல் வழியாக அடுத்த தெருவில் போகிற சைக்கிள் தெரியும். செட்டிநாட்டில் பழைய வீடுகள் பலவும் இப்படித்தான். ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும். வாசல் நிலைகள் எல்லாம் ஒரே கோட்டில் நிற்கும். காற்றோட்டத்துக்கு அருமையான ஏற்பாடு. நாய்க்கோ அது ஓட்டப்பந்தயத் திடல்.

எங்கள் நாய் பட்டுக்கு அப்போது ஏழு மாதம். தபால்காரர் முன்வாசலில் மணி அடித்தார், கதவைத் திறந்தேன். கொல்லையில் படுத்திருந்தவள் ஐந்து நிலைகளையும் ஒரே மூச்சில் தாண்டி, என் கால்களுக்கு இடையில் புகுந்து, தெருவில் வந்த ஆட்டோவில் மோதினாள். முன்னங்கால் முறிந்தது. ஆறு வாரம் கட்டு. அந்த ஆறு வாரமும் எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. அதற்குள் அவளுக்கு உட்காரத் தெரியும், கை கொடுக்கத் தெரியும், உருளச் சொன்னால் உருளவும் தெரியும். வந்தவர்களிடம் எல்லாம் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறேன். கதவு திறந்தால் நிற்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆகவே இந்தக் கட்டுரையில் வித்தைகள் கிடையாது. வீட்டுக்கு வந்த நாள் முதல் என்ன செய்வது, எந்தப் பாடத்தை எப்போது தொடங்குவது என்பதை, நான் தப்பாகச் செய்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எந்த நாய்?

இந்த மண்ணின் வெயில் தெரிந்த நாய்தான் நல்லது என்பது என் கட்சி. சைபீரியாவின் பனியில் வண்டி இழுக்க உருவான ஹஸ்கியைக் காரைக்குடியில் வைத்துக்கொண்டு இரவு பகலாக ஏசி போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மின்வெட்டு வந்தால் அந்த நாயின் கதி என்ன? தட்டை மூக்குள்ள பக் போன்றவற்றுக்கும் கோடையில் மூச்சு வாங்குவது பெரும்பாடு. லாப்ரடார் பழகும், சொன்னதைக் கேட்கும், குழந்தைகளோடு ஒத்துப்போகும். நிழலும் தண்ணீரும் தாராளமாக இருந்தால் சமாளித்துவிடலாம்.

நம் பக்கத்து இனங்களில் கன்னியும் சிப்பிப்பாறையும் வேட்டை நாய்கள். ஓடும் பொருளைக் கண்டால் காது அடைத்துக்கொள்ளும். அவற்றை வளர்ப்பவர் ‘வா’ என்ற பாடத்துக்கு மற்றவர்களைவிட இரண்டு மடங்கு உழைக்க வேண்டும். கோம்பை காவலுக்குக் கெட்டி. அந்நியரை எளிதில் ஏற்காது, எனவே சிறு வயதிலேயே நிறைய மனிதர்களைக் காட்டி வளர்க்க வேண்டும். 2005இல் இந்திய அஞ்சல் துறை அஞ்சல்தலை வெளியிட்ட நான்கு நாயினங்களில் ஒன்று ராஜபாளையம். அதன் வெள்ளை நிறத்தில் மயங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு. வாங்கும் முன் குட்டிக்குப் பின்னால், அதன் கண்ணில் படாமல் நின்று, எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டிப் பாருங்கள். கூட்டமாக இருக்கும்போது தட்டினால் மற்றக் குட்டிகள் திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பிவிடும். தனியே பிரித்துச் சோதிப்பதே சரி.

இவை எதுவும் வேண்டாம், தெருவில் கிடந்த குட்டியே போதும் என்றால் இன்னும் மகிழ்ச்சி. பட்டு அப்படி வந்தவள்தான், தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு டீக்கடை வாசலிலிருந்து.

எட்டு வாரம் முடியாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். கடித்தால் வலிக்கும், வலித்தால் விளையாட்டு நின்றுபோகும் என்பதைக் குட்டி தன் உடன்பிறப்புகளிடம்தான் கற்கிறது. அந்தப் படிப்பைப் பாதியில் விட்டு வந்த குட்டி உங்கள் கையைப் பதம் பார்த்துக்கொண்டே இருக்கும்.

பெயர் வைப்பதில் ஒரு சங்கதி

இரண்டு அசைப் பெயர் போதும். கட்டளைச் சொல்லோடு ஒலியில் ஒட்டாத பெயராக இருக்க வேண்டும். நான் ஆசையாகப் பட்டு என்று வைத்தேன். ‘படு’ என்று சொல்லும்போதெல்லாம் அவள் எழுந்து ஓடி வந்தாள்! பெயரை மாற்ற மனமில்லாமல் கட்டளையை மாற்றினேன். இன்றுவரை எங்கள் வீட்டில் ‘கிட’ என்றால்தான் படுப்பாள். வாசு என்று பெயர் வைத்து ‘வா’ பழக்குகிறவருக்கும் இதே பாடுதான்.

பெயரைவிடச் சிக்கலானது வீட்டாரின் வாய். மகன் ‘சிட்’ என்பான், நான் ‘உட்கார்’ என்பேன், எங்கள் ஆத்தா ‘சும்மா இருக்க மாட்டாயா’ என்று அதட்டுவார்கள். மூன்றுக்கும் நாய் உட்கார வேண்டும் என்று மூவரும் எதிர்பார்ப்போம். நாய்க்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது, ஒலிதான் தெரியும். எந்த மொழியாக இருந்தாலும் சரி, ஒரு செயலுக்கு ஒரு சொல். நாய் வரும் முன்பே வீட்டாரை உட்காரவைத்துப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். எங்கள் பட்டியல் இதுதான்: உட்கார், கிட, இரு, வா, விடு, போகலாம். ஆறு சொற்கள். இவற்றோடு ஏழாவதாக ‘சபாஷ்’.

அந்த ஏழாவது சொல்தான் மற்ற ஆறுக்கும் சாவி. நாய் சரியாகச் செய்த அந்த நொடியில் ‘சபாஷ்’ என்று சுருக்கமாகச் சொல்லி, உடனே ஒரு தின்பண்டம் தர வேண்டும். நொடி தப்பினால் பாடம் தப்பும். நாய் உட்கார்ந்த பிறகு நீங்கள் சட்டைப் பையில் துழாவி எடுப்பதற்குள் அது எழுந்துவிட்டால், எழுந்ததற்குத்தான் பரிசு என்று அது கணக்கு வைத்துக்கொள்ளும். சொல் கையைவிட வேகமானது. அதனால்தான் சொல்லை முன்னால் அனுப்புகிறோம். முதல் இரண்டு நாள் எந்தக் கட்டளையும் இல்லாமல், ‘சபாஷ்’ சொல்வதும் ஒரு துணுக்குத் தருவதுமாக முப்பது நாற்பது முறை செய்யுங்கள். பிறகு அந்தச் சொல்லைக் கேட்டாலே நாயின் தலை உங்கள் கையை நோக்கித் திரும்பும். செரிமான ஆராய்ச்சிக்காக 1904இல் நோபல் பரிசு வாங்கிய பாவ்லோவ், சாப்பாடு வருவதற்கு முன்பே தன் நாய்களுக்கு எச்சில் ஊறியதைக் கவனித்ததிலிருந்து கிளம்பிய சேதிதான் இது. 

துணுக்கு என்றால் கொண்டைக்கடலை அளவுக்கு மேல் வேண்டாம். உப்பும் காரமும் இல்லாமல் வேகவைத்த கோழிக்கறி, ஈரல் துண்டு, பொட்டுக்கடலை, எதுவானாலும் சரி. கருவாடு கூடாது, அவ்வளவு உப்பு ஆகாது. பாடத்தில் கொடுத்ததை அன்றைய சாப்பாட்டில் குறைத்துவிடுங்கள்.

முதல் வாரம்

குட்டி ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம்கூடத் தூங்கும். தூங்க விடுங்கள். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் மடியில் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டும் என்பது இல்லை.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரை பார்க்க அழகு. குட்டிக்கு அது வழுக்குப் பாறை. கால் விரிந்து விரிந்து விழும் குட்டிக்கு இடுப்பு மூட்டு கெடும். அது நடமாடும் பாதையிலாவது சணல் சாக்கையோ பழைய கோரைப் பாயையோ விரித்து வையுங்கள்.

அடுத்தது சிறுநீர் விவகாரம். இங்கேதான் நம் வீடுகள் நாயைக் குழப்புகின்றன. வளவின் நடுவில் வானம் தெரிகிறது, வெயில் விழுகிறது, மழை பெய்தால் தண்ணீர் நிற்கிறது. குட்டியின் கணக்கில் அது வெளியிடம். வெளியே போ என்கிறீர்கள், அது வெளியேதான் போகிறது! கோபப்பட என்ன இருக்கிறது? முதல் ஒரு மாதம் வளவுக்குள் கயிறு இல்லாமல் விடாதீர்கள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்த பத்து நிமிடத்திலும், விளையாடி ஓய்ந்ததும் கொல்லையில் ஒரே இடத்துக்குக் கூட்டிப்போய்ச் சும்மா நில்லுங்கள். அங்கே ஒன்றுக்கு இருந்ததும் ‘சபாஷ்’. குட்டியின் வயது எத்தனை மாதமோ, அதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம் வரைதான் அதனால் அடக்க முடியும். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். இரவில் ஒரு முறை நீங்கள் எழுந்தே ஆக வேண்டும்.

தரையில் போய்விட்டால் மூக்கைப் பிடித்து அதில் தேய்க்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அதனால் நாய் கற்பது ஒன்றே ஒன்று: உங்கள் கண்ணில் படாமல் போக வேண்டும். பேசாமல் துடையுங்கள். வாடை போக வினிகரோ எலுமிச்சையோ ஊற்றச் சொல்வார்கள். ஆத்தங்குடிக் கல் சிமெண்டால் ஆனது, புளிப்பு பட்டால் அரித்து மங்கிவிடும். சோப்புத் தண்ணீரும் கொஞ்சம் சமையல் சோடாவும் போதும்.

பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரை குட்டியின் மனம் திறந்த கதவு. அந்தக் காலத்தில் பயமில்லாமல் பார்த்துக்கொண்டதைப் பிற்பாடு பெரும்பாலும் பயப்படாது. குடை விரிப்பவர், வெள்ளை வேட்டிக் கூட்டம், தலையில் கூடை சுமப்பவர், சக்கர நாற்காலி, மிக்ஸி, நாதஸ்வரம், மேளம் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து காட்டித் துணுக்குக் கொடுங்கள். தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் இறக்காதீர்கள், தூக்கிக்கொண்டு போகலாம்.

நிலைப் பாடம்

மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். குட்டிக்கு ‘உட்கார்’ வந்தவுடன் தொடங்கிவிடலாம். ‘உட்கார்’ பழக்குவது எளிது: துணுக்கை மூக்குக்கு நேரே வைத்து மெல்லத் தலைக்கு மேலே பின்னால் கொண்டுபோனால் தலை உயரும், பின்பக்கம் தானாகத் தரையில் அமரும். அமர்ந்த நொடியில் ‘சபாஷ்’. இரண்டு நாளில் வந்துவிடும்.

நிலைப் பாடத்தை முகப்பில் தொடங்கக் கூடாது. தெரு தெரியாத உள் நிலையில் தொடங்குங்கள். எங்கள் வீட்டில் அடுப்படி நிலை. கழுத்துப் பட்டையில் கயிறு மாட்டி நாயை நிலைக்கு இரண்டடி முன்னால் உட்காரவையுங்கள். கதவில் கை வையுங்கள். நாய் எழுந்தால் கையை எடுத்துவிடுங்கள். திட்டாதீர்கள், இழுக்காதீர்கள், ஒன்றும் பேசாதீர்கள். மறுபடி உட்கார்ந்தால் மறுபடி கை கதவுக்குப் போகும். நான்கைந்து தடவையில் அதன் மூளையில் பொறி தட்டும்: நான் எழுந்தால் கதவு மூடிக்கொள்கிறது, உட்கார்ந்தால் திறக்கிறது.

பிறகு ஒரு விரற்கடை திற, ‘சபாஷ்’. ஒரு சாண் திற, ‘சபாஷ்’. முழுக்கத் திற, ‘சபாஷ்’. முழுக்கத் திறந்த பின்னும் அசையாமல் இருந்தால் அப்போது ‘இரு’ என்ற சொல்லைச் சேருங்கள். கடைசியில் ‘போகலாம்’ என்று நீங்கள் சொன்ன பிறகே அது நிலையைத் தாண்ட வேண்டும். இந்த ‘போகலாம்’ முக்கியம். ‘இரு’ எங்கே முடிகிறது என்று சொல்லாவிட்டால் நாய் தானே முடித்துக்கொள்ளும்.

இதற்குப் பிறகு மூன்று வகையில் கடினமாக்கலாம்: நேரத்தைக் கூட்டலாம், நீங்கள் தள்ளிப் போகலாம், கவனத்தைக் கலைக்கும் பொருளைக் கொண்டுவரலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். பத்து முறையில் எட்டு முறை சரியாக இருந்தால் ஒரு படி ஏறுங்கள். ஐந்துக்குக் கீழே போனால் ஒரு படி இறங்குங்கள். நீங்கள் ஒரு காலை நிலைக்கு அப்பால் வைப்பது, இரு காலையும் வைப்பது, கண்ணில் படாமல் மறைந்து மூன்று எண்ணித் திரும்புவது, பந்தை உருட்டிவிடுவது, பிள்ளையை ஓடச் சொல்வது என்று போகும் வரிசை. ஒரு பாடம் ஐந்து நிமிடம், ஒரு நாளில் மூன்று பாடம். அதற்கு மேல் குட்டிக்கும் அலுப்பு, உங்களுக்கும் அலுப்பு.

அடுப்படி நிலை தேறினால் இரண்டாங்கட்டு நிலை. அது தேறினால் வளவு நிலை. இப்படி ஒவ்வொரு நிலையாக வெளியே வாருங்கள். ஓரிடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்குப் பொருத்திப் பார்க்கும் திறமை நாய்க்குக் குறைவு. அடுப்படியில் முனிவராக உட்கார்ந்திருந்தது வளவு நிலையில் புதிதாகப் பார்ப்பதுபோல் விழிக்கும். முதலிலிருந்து சொல்லிக்கொடுங்கள். இரண்டாவது இடத்தில் பாதி நேரம்தான் ஆகும், மூன்றாவதில் அதிலும் பாதி.

முகப்புக் கதவு கடைசி. அங்கே பக்கத்து வீட்டுக்காரரை மணி அடிக்கச் சொல்லிப் பழக்கினேன். அவரும் பொறுமைசாலி, இருபது நாள் மாலையில் வந்து மணி அடித்துவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார். கயிறு இல்லாமல் முகப்பில் நிற்கவைக்க எங்களுக்கு மூன்று மாதம் ஆனது. 

‘வா’ என்பது நல்ல சொல்

கூப்பிட்டால் வராத நாய்கள் பெரும்பாலும் மனிதர்களால் அப்படி ஆக்கப்பட்டவை. குளிப்பாட்ட ‘வா’, மருந்து ஊற்ற ‘வா’, கட்டிப்போட ‘வா’, செருப்பைக் கடித்ததற்கு அடிக்க ‘வா’. நாமாக இருந்தாலும் வரமாட்டோம். ‘வா’ சொல்லி நாய் வந்துவிட்டால், அரை மணி நேரம் கழித்து வந்தாலும், நல்லதுதான் நடக்க வேண்டும். குளிப்பாட்ட வேண்டுமானால் நீங்கள் நடந்துபோய் அழைத்து வாருங்கள். அந்தச் சொல்லை அதற்குச் செலவழிக்காதீர்கள்.

வெளியில் பழக்கப் பத்து மீட்டர் நைலான் கயிறு வேண்டும். தேங்காய் நார்க்கயிறு உள்ளங்கையை உரித்துவிடும். எங்கள் ஊரில் ஊருணிக் கரைதான் பள்ளிக்கூடம். காலையில் ஆள் நடமாட்டம் குறைவு, பார்வை மறைக்காது. ஆனால் குடிதண்ணீர் ஊருணியில் நாயை இறக்கிவிடாதீர்கள். ஊர்க்காரர்கள் கோபப்படுவது நியாயம். நாய் எதையாவது மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு முறை கூப்பிடுங்கள், பிறகு எதிர்ப்பக்கம் ஓடுங்கள். நாய் துரத்தி வரும். துரத்தி வந்து பிடித்ததும் கொண்டாட்டம். ‘வா வா வா வா’ என்று இருபது முறை கூப்பிட்டால், இருபதாவது ‘வா’வுக்குத்தான் வர வேண்டும் என்று அது புரிந்துகொள்ளும். வேட்டை நாய் வைத்திருப்பவர்கள் ஒரு வருடம் வரை அந்த நீளக் கயிற்றைக் கழற்ற வேண்டாம். மயில் எழும்பினால் அவ்வளவுதான். குன்றக்குடிப் பக்கம் மயிலுக்குப் பஞ்சமில்லை.

கயிற்றோடு நடப்பதற்குப் பெரிய சூத்திரம் இல்லை. நாய் இழுத்தால் நில்லுங்கள், கயிறு தளர்ந்தால் நடங்கள். முதல் வாரம் வீட்டிலிருந்து தெருமுனைக்குப் போக அரை மணி ஆகும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள்.

அடிக்கலாமா?

‘அடியாத மாடு படியாது’ என்று எங்கள் வீட்டு வாட்ச்மேன் தாத்தா சொல்வார். மாடு எப்படியோ, நாயைப் பொறுத்தவரை அது தவறு. வீட்டில் யார் தலைவன் என்று நாய்க்குக் காட்ட வேண்டும், குப்புறத் தள்ளி அமுக்க வேண்டும் என்பவர்கள் ஓநாய்க் கூட்டத்தை உதாரணம் காட்டுவார்கள். அந்தக் கருத்து ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் எழுதிய ஆய்விலிருந்து வந்தது. அவர் பார்த்தவை அடைத்துவைத்த, ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்கள். அதை 1970இல் தன் நூலின் வழியாகப் பரப்பிய டேவிட் மீச்சே, காட்டு ஓநாய்களைப் பார்த்த பிறகு 1999இல் திருத்தி எழுதினார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாயும் தகப்பனும் குட்டிகளும் கொண்ட குடும்பம்தான். அடி வாங்கிய நாய் உறுமுவதை நிறுத்திவிடும்; கடிப்பதை நிறுத்தாது. உறுமாமல் கடிக்கிற நாய் எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள்.

செய்யக்கூடாததைச் செய்தால் அதற்குக் கிடைக்கும் லாபத்தை நிறுத்துங்கள். மேலே தாவினால் முதுகைக் காட்டித் திரும்பிவிடுங்கள். நான்கு காலும் தரையில் இருக்கும்போது கொஞ்சுங்கள். வாயில் எதையாவது கவ்வியிருந்தால் துரத்தாதீர்கள். அதைவிட நல்ல பொருளைக் காட்டி, அது வாயைத் திறக்கும்போது ‘விடு’ என்று சொல்லுங்கள்.

ஆட்களும் விசேஷங்களும்

நம் வீடுகள் பங்காளிகளுக்குப் பொது. நாயைப் பிடிக்காத ஒரு சித்தப்பாவாவது இருப்பார். அவரிடம் மல்லுக்கட்ட வேண்டாம். பூசை அறை நிலை, அவர்கள் பங்கு அறையின் நிலை இரண்டையும் நாய் தாண்டாது என்று செய்துகாட்டிவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். நாய் வீட்டுக்குள் வந்தால் தீட்டு என்று என் பெரியம்மா ஒருவர் ஒதுங்கி நடப்பார். அவரே வைரவன்பட்டிக்குப் போனால் வைரவரையும் அவர் பக்கத்தில் நிற்கும் வாகனத்தையும் கும்பிட்டுவிட்டுத்தான் வருவார். அது நாய்தானே பெரியம்மா என்று கேட்டேன். ‘அது குரைக்காது அப்பா’ என்றார்.

விசேஷ நாளில் நாயைக் கூட்டத்தில் விடாதீர்கள். எவ்வளவு சாதுவானாலும் சரி. பந்தியில் யாராவது எலும்பு போடுவார்கள், குழந்தை வாலைப் பிடிக்கும், யாரோ கதவைத் திறந்துவைப்பார்கள். முன்கூட்டியே ஒரு அறையைப் பழக்கிவையுங்கள். கடிக்க ஏதாவது, தண்ணீர், தெரிந்த துணி. தீபாவளிக்கும் அதே அறைதான். சன்னல் குறைந்த உள்ளறையாக இருந்தால் நல்லது. வேட்டுச் சத்தத்துக்குப் பழக்க இரண்டு மாதம் முன்பே தொடங்க வேண்டும்: கைப்பேசியில் வெடிச் சத்தத்தை மிகக் குறைவாக வைத்துச் சோறு போடுங்கள், நாய் காதைக்கூட அசைக்காமல் சாப்பிட்டால் மறுநாள் ஒரு புள்ளி கூட்டுங்கள். பொங்கலை ஒட்டிச் சிராவயலில் மஞ்சுவிரட்டு நடக்கும் நாட்களில் அந்தப் பக்கத்துக்காரர்கள் நாயை வெளியே கூட்டிப் போகாமல் இருப்பதே நல்லது.

சாப்பாடு, வெயில், உண்ணி

மிச்சமான செட்டிநாட்டுக் கோழிக் குழம்பை நாய்க்கு ஊற்றுவது அன்பு என்று நினைக்கிறோம். அதில் அரைத்த சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பு அணுக்களைச் சிதைக்கும். வேகவைத்த கோழி எலும்பு ஊசியாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். பாயசத்தில் போடும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், சாக்லேட்டும் நஞ்சு. சர்க்கரை இல்லாத சூயிங்கம்மில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இன்னும் மோசம். கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம் நஞ்சு இல்லை என்றாலும் எண்ணெய் ஆகாது. சோறு, வேகவைத்த கறி அல்லது முட்டை, கொஞ்சம் கேரட், பூசணி. தயிர்ச்சோறு ஒத்துக்கொண்டால் போடலாம்; அது மட்டுமே போதாது. நான்கு மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, பிறகு இரண்டு.

கோடையில் காலை ஏழு மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள், மாலையில் ஆறு மணிக்குப் பிறகு தொடங்குங்கள். புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. நாய்க்குப் பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்ற வெப்பத்தையெல்லாம் மூச்சிரைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் நூலாக வழிந்து, தள்ளாடினால் உடனே நிழலில் போட்டு வயிற்றிலும் தொடை இடுக்கிலும் சாதாரணத் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள்.

உண்ணியை நாயிடம் மட்டும் தேடினால் போதாது. நாயிடமிருந்து இறங்கிச் சுவரில் ஏறி, விரிசலிலும் நிலைக்கட்டை இடுக்கிலும் முட்டையிடும். பழைய வீடுகளில் இடுக்குக்கா குறை? காதுக்குள்ளும் கால் விரல்களுக்கு நடுவிலும் தினமும் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் நாயைக் கொல்லும். மருந்து மருத்துவர் சொன்ன அளவில்தான்.

தடுப்பூசி: ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை. பார்வோ என்ற கொடிய குடல் நோய் வந்த குட்டியைப் பார்த்தவர்கள் இதைத் தள்ளிப்போட மாட்டார்கள். வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில், பிறகு ஆண்டுதோறும். குடற்புழு மருந்துக்கு மாட்டாஸ்பத்திரியில் எடை பார்த்து அளவு சொல்வார்கள். எந்த நாய் கடித்தாலும், உங்கள் நாயே விளையாட்டாகப் பல் பட வைத்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காப்பித் தூள் எதுவும் வேண்டாம். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம்; அன்றே முதல் ஊசி, மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று அவர்கள் சொல்லும் கடைசி ஊசி வரை விடாமல் போட்டுக்கொள்ளுங்கள். வெறிநோயின் அறிகுறி தெரிந்த பிறகு அநேகமாகப் பிழைப்பு இல்லை.

ஊருக்குப் போகும்போது

செட்டிநாட்டில் நாய் வளர்ப்பவர்கள் பலர் ஆண்டில் பாதி நாள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். நாய் வாட்ச்மேனோடு இருக்கும், பெரும்பாலும் சங்கிலியில். நாள் முழுக்கக் கட்டிக்கிடக்கும் நாய் காவல் காப்பதில்லை, பைத்தியம் பிடித்துக் குரைக்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், வழக்கமாகக் கட்டிவைத்திருக்கும் நாயைத் தகுந்தபடி நடக்கவிடாமல் இருப்பதையும் கொடுமை என்றே 11ஆம் பிரிவில் சேர்த்திருக்கிறது. கொல்லையைச் சுற்றி வேலி போட்டு அவிழ்த்துவிடுங்கள்; காலையும் மாலையும் நடை வேண்டும் என்று வாட்ச்மேனிடம் பேசி, அதற்குத் தனியாகக் கூலி கொடுங்கள்.

தனியே இருக்கப் பழக்குவதும் ஒரு பாடம்தான். முதலில் ஒரு நிமிடம் வெளியே போய்த் திரும்புங்கள், பிறகு ஐந்து, பிறகு இருபது. போகும்போது விடைபெறும் சடங்கும் வேண்டாம், வந்ததும் கட்டித் தழுவலும் வேண்டாம். ஊருக்குப் போக ஒரு மாதம் முன்பிருந்தே பாடங்களில் பாதியை வாட்ச்மேன் கையால் நடத்துங்கள். அந்த ஏழு சொற்களையும் அவர் அதே தொனியில் சொல்ல வேண்டும்; அவருக்கு எழுத்து தெரியும் என்றால் ஒரு தாளில் எழுதி ஒட்டலாம்.

எங்கள் வீட்டில் அந்தத் தாள் முகப்புக் கதவின் உள்பக்கம், தாழ்ப்பாளுக்கு மேலே ஒட்டியிருக்கிறது. சாப்பாட்டு நேரம், மருந்து நாள், மருத்துவர் எண், ஏழு சொற்கள். அவற்றுக்குக் கீழே சிவப்பு மையில் எழுதியிருப்பது: ‘இந்தக் கதவைத் திறக்கும் முன், பின்கதவைச் சாத்தியாயிற்றா என்று பார்த்துக்கொள்ளவும்.’